தொப்பூர் வளைவில் மாதம்மா கேட்ட சுவர்

12.8.1986, செவ்வாய்

ரோட்டை அகலமாக்கப் பணம் தரப்போகிற வெளிநாட்டு பேங்க்காரர் இன்று தொப்பூர் கணவாய்க்கு வந்தார். நான் இங்கிலீஷ் டீச்சர் என்பதால் மொழிபெயர்க்கக் கூட்டிப்போனார்கள். வளைவில் டீக்கடை வைத்திருக்கும் மாதம்மாவிடம், ரோடு அகலமானால் நல்லதுதானே என்று அவர் கேட்டார்.

"அகலமானா லாரி இன்னும் வேகமா வரும்ங்க. என் வூட்டுக்காரரு இந்தக் கடை வாசல்லதான் அடிபட்டுச் செத்தாரு. மொதல்ல எங்களுக்கும் லாரிக்கும் நடுவுல ஒரு சுவரு கட்டச் சொல்லுங்க டீச்சர்" என்றாள்.

"இந்தம்மா சந்தோஷம்னு சொல்லுதுன்னு சொல்லிடுங்க. பணம் நின்னுடப் போவுது" என்று கூட வந்த ஹைவேஸ் இன்ஜினியர் என் காதருகே முணுமுணுத்தார்.

நான் மாதம்மா சொன்னதை அப்படியே இங்கிலீஷில் சொன்னேன். சுவர் திட்டத்தில் இருக்கிறதா என்று அந்த மனிதர் கேட்டார். நாளைக்கு இங்கேயே பதில் சொல்வதாக இன்ஜினியர் சமாளித்தார்.

ஜீப்பில் திரும்பும்போது, "நாளைக்கு நீங்க வர வேணாம், வேற ஆள் வர்றாரு" என்றார் என்னிடம். ஹெட்மாஸ்டருக்குப் புகாரும் போகுமாம். போகட்டும்.

வருகிற ஆள் என்ன மொழிபெயர்ப்பார் என்று எனக்குத் தெரியும். தொப்பூருக்கு பஸ் இருக்கிறது. லீவு போட்டுவிட்டு மாதம்மா பக்கத்தில் போய் நிற்கப்போகிறேன். நான் இங்கிலீஷ் பேசுவதை யார் தடுக்கிறார்கள் என்று பார்க்கிறேன்.