சட்டை போட்டுக் கேட்ட பாடம்

அன்பு மருமகளுக்கு,

எல்லாம் இப்படித்தான் ஆகும் என்று அன்றே சொன்னவன் நான். நீ அப்பாவிடம் சண்டை போட்டு வீட்டைவிட்டுப் போனபோதே, "இவ உலகத்துக்கே பாடம் எடுப்பா, நீங்க வாயைப் பிளந்து கேட்பீங்க" என்றேன்.

கேட்டாரே உன் அப்பா! உன் பல்கலைக்கழகம் இணையத்தில் போட்ட உன் வகுப்புகளை என் போனில்தான் பார்த்தார். நீயும் தன்னைப் பார்ப்பாய் என்று நினைத்து, ஆஸ்பத்திரிக் கட்டிலில்கூடச் சட்டை போடாமல் போனைத் தொட மாட்டார். "சாப்பிட்டியாம்மா?" என்பார். நீ பாலம் தாங்கும் பாரத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே போவாய்.

"பாத்தியா மாப்ள, இன்னும் கோபம் தீரல அவளுக்கு."

நான் விடுவேனா? "அத்தான், இது எப்பவோ எடுத்த படம். நீங்க பேசறது அவளுக்குக் கேக்காது" என்று விளக்கினேன் பார், டாக்டரே அசந்துபோனார். அப்பா சிரித்தார். நிம்மதியாகக் கண்ணை மூடினார்.

நீ வந்து சேர்வதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. கூட்டத்தில் போக்குவரத்தே நின்றுபோனது.

விளக்கினேன் என்றேனே, அது மட்டும் என் கைச்சரக்கு, கண்ணு. உன்னோடு பேசுகிறோம் என்று நினைத்திருந்த மனுஷனிடம் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நீ பதில் சொல்ல மாட்டேன் என்கிறாய் என்றுதான் கடைசிவரை நினைத்திருந்தார்.

உன் தாய்மாமன்