என் மகளைச் சொல்லி வாங்கிய வேலை

பழுகாமம்
10.03.2009

அன்புள்ள புஸ்பம் அக்காவுக்கு,

நீங்களும் அத்தானும் மகன் பிரதீஸும் சுகமாக இருக்க மாமாங்கப் பிள்ளையாரை வேண்டுகிறேன். எனக்கு வேலை கிடைத்துவிட்டது அக்கா! மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில் மனவருத்தம் வந்து தேறினவர்களையே மற்ற நோயாளிகளுக்குத் துணையாக வைக்கிறார்கள். கழுத்தில் படம் போட்ட அட்டையும் தந்திருக்கிறார்கள். போன கிழமை சித்தாண்டியில் நாற்பது பேருக்கு முன்னால் என் அனுபவத்தைச் சொன்னேன். அழாத ஆள் இல்லை.

மனநோய் வாட்டில் பக்கத்துக் கட்டிலில் கிடந்தவளை மறந்துவிட்டீர்களா? ஒரு வரி எழுதினால் என்ன? மாத்திரையை விடாதீர்கள்.

அன்புத் தங்கை,
அன்னப்பூரணி

அமிர்தகழி
29.03.2009

அன்புள்ள தங்கச்சி பூரணி,

உன் கடிதம் கண்டு வீடெல்லாம் சொல்லித் திரிந்தேன். நேற்று சித்தாண்டியிலிருந்து அவரின் தங்கை, என் மச்சாள் தனுஷியா வந்தாள். அயலவள் ஒருத்தியைக் கூட்டிக்கொண்டு உன் கூட்டத்துக்குப் போயிருக்கிறாள். சுனாமிக் கடல் வந்த அன்று, அங்கே பேசிய பெண் தன் இரண்டு பிள்ளைகளையும் பிடித்திருந்தாளாம். மகனைக் காப்பாற்ற மகளின் கையைத் தானே விட்டாளாம். எனக்குச் சொல்லிச் சொல்லி அழுதாள்.

உனக்குப் பிள்ளையே இல்லையே பூரணி. அது நான் செய்தது. வாட்டில் உனக்கு மட்டும்தானே சொன்னேன். மகளை அலைதான் பறித்தது என்று அவர் இன்றைக்கும் நம்புகிறார். தெரிந்தால் பிரதீஸையும் என்னிடமிருந்து கொண்டுபோய்விடுவார். உன் காலைப் பிடிக்கிறேன், இனிச் சொல்லாதே.

புஸ்பம்

பழுகாமம்
06.04.2009

அன்புள்ள அக்கா,

கோபிக்காதீர்கள். எனக்கு வந்தது காரணமில்லாத வருத்தம். பதினெட்டு வயதில் காதில் குரல் கேட்டது, அவ்வளவுதான். நேர்முகத்தில் அதைச் சொன்னபோது ஒருவரும் பேனையைத் தொடவில்லை. உங்களுடையதைச் சொன்னதும் எல்லோரும் எழுதினார்கள். நான் என்ன செய்ய?

உங்கள் பெயரைச் சொல்லவில்லை, ஊரையும் மாற்றினேன். நீங்கள் பூட்டி வைத்திருந்தது ஆருக்கும் உதவவில்லை. நான் சொல்லிப் பத்துப் பேர் தேறியிருக்கிறார்கள். சித்திரை கழிய அமிர்தகழிப் பள்ளிக்கூடத்திலும் கூட்டம் வைக்கிறோம். நீங்கள் வரவேண்டாம், வீணாக மனம் நோகும்.

அன்னப்பூரணி

மட்டக்களப்பு ஆஸ்பத்திரி, மனநோய் வாட்
25.05.2009

பூரணிக்கு,

கூட்டத்துக்குக் கதிரை அடுக்க உன் அத்தானைத்தான் பிடித்தார்கள். அடுக்கிவிட்டுப் பின்னால் நின்று கேட்டிருக்கிறார். நாம் வாட்டில் கிடந்த நாளில் எனக்குச் சோறு கொண்டுவரும்போது உனக்கும் ஒரு பார்சல் கொண்டுவந்த மனிசன். உனக்குப் பிள்ளை இல்லை என்று அவருக்குத் தெரியாதா?

வீட்டுக்கு வந்து என்னோடு சண்டை பிடிக்கவில்லை. பிரதீஸின் உடுப்பைப் பையில் போட்டார். "இவனையும் நீ விடுறதுக்கு முதல் நான் கொண்டு போறன்" என்றார். பிள்ளை இப்போது தனுஷியாவிடம். போனால் கதவு திறக்கிறாள் இல்லை.

நாட்டில் சண்டை முடிந்துவிட்டது என்று வெளியே வெடி கொளுத்துகிறார்கள். நான் மறுபடி பழைய கட்டிலில் கிடக்கிறேன். மகளின் கையை விட்டதை இந்த முறை ஒளிக்காமல் சொன்னேன். இன்று காலை புதிதாக வந்த நர்ஸ் மிஸ் வந்து தலையைத் தடவினா. "உங்களப் போலயே புள்ளட கைய விட்ட ஒராள் எங்களிட்ட வேலை செய்யிறா. நல்லாத் தேறிட்டா. கதைச்சுப் பாக்கிறீங்களா?" என்று கேட்டா.

ஓம் என்றேன்.

புதன்கிழமை வருவாயாம். வா. நம் பழக்கத்தை நான் ஒருவருக்கும் சொல்லவில்லை, உன் வேலை போகாது. என் முன்னால் இருந்து, என் முகத்தைப் பார்த்து, என் மகளை நீ எப்படி விட்டாய் என்று ஒன்றும் விடாமல் எனக்குச் சொல்லு.

புஸ்பம்