இரண்டு பரப்புக் காணி

2025 ஜனவரி 6, திங்கள்

கிராமசேவகர் விதானையார் வந்து சொல்லிவிட்டுப் போனார். அரசாங்க வீட்டுத்திட்டப் பட்டியலில் என் பெயர் இருக்கிறது. ஆனால் ஜூன் முடிவதற்குள் என் பெயரில் காணி உறுதிப் பத்திரம் காட்ட வேண்டும். இரண்டு பரப்பு, அரைக்கால் ஏக்கர், போதும். "இல்லாட்டி அடுத்த ஆளுக்குப் போயிடும், ரீச்சர்" என்றார்.

முன்பள்ளி ரீச்சருக்குக் காணி எங்கே? சரவணையில் அப்பா வைத்திருந்த துண்டு அவருடைய வருத்தத்துக்கு வைத்தியம் பார்க்கவே விற்றுப் போயிற்று. என் கணவர் செத்தபிறகு பிள்ளைகள் இரண்டையும் கூட்டிக்கொண்டு புங்குடுதீவுக்கு வந்தேன். கனடாவில் இருக்கும் பரராசசிங்கம் அண்ணையின் வீட்டில் காவலுக்கென்று ஒன்பது வருடம். இந்த ஒழுங்கையில் பதினேழு வீடு. ஆள் இருப்பது மூன்றில்.

அண்ணையின் வீட்டு வளவு பதினெட்டுப் பரப்பு. மூலையில் இரண்டை விலைக்குக் கேட்டால் தரமாட்டாரா? காசை மெல்ல மெல்லக் கட்டி முடிப்பேன்.

ஜனவரி 12

கேட்பதற்கு முன் அவர் மனம் குளிர ஏதாவது செய்ய நினைத்தேன். மழை ஈரம் காயுமுன், வெறுமையாகக் கிடந்த கிணற்றடிப் பக்கம் ஆறு தென்னம்பிள்ளை நட்டோம். மூத்தவள் லோஜனா கிடங்கு வெட்டினாள், சின்னவள் கஜாலினி தண்ணீர் அள்ளினாள். படம் எடுத்து அண்ணைக்கு அனுப்பினேன்.

ஜனவரி 13

பார்த்துவிட்டார். பதில் இல்லை.

ஜனவரி 15

அண்ணை போன் எடுத்தார். பொங்கலைப் பற்றி ஒரு சொல் இல்லை.

"ஆரைக் கேட்டுத் தென்னை வைச்சனீர்?"

நல்லதுக்குத்தானே அண்ணை என்றேன்.

"தென்னை வைக்கிறதெண்டால் காணி என்ரை எண்டு சொல்லுறமாதிரி. பத்து வருசம் இருந்தால் இருக்கிறவைக்கே சொந்தமாம். உமக்கு ஒன்பது முடிஞ்சுது."

காணிப் பேச்சை எடுக்க வாய் வரவில்லை. என்ன வேலை பாத்து வைச்சன் நான்? வெறுமையாக் கிடந்த நிலத்தில ஆறு மரம் நிக்கட்டும் எண்டு — எனக்கேன் இந்த மண்டை பிழைச்ச வேலை.

பெப்ரவரி 2

பிள்ளைகள் இல்லாத நேரம் ஆறையும் பிடுங்கினேன். வெறும் நிலத்தைப் படமெடுத்து அனுப்பினேன். அதற்கும் பதில் இல்லை.

ஜூன் 8, ஞாயிறு

அண்ணை திருவிழாவுக்கு வந்து நிற்கிறார். கோயில் அன்னதான மண்டபம் அவருடைய காசில் எழும்பியிருக்கிறது. தேர் முடிந்த கையோடு, வெட்கத்தை விட்டு, இரண்டு பரப்பைக் கேட்டேன்.

"என்ரை ஐயா விட்டிட்டுப் போன காணியை வெட்ட எனக்கு மனம் வராது" என்றார். பிறகு, "வீட்டையும் ஜூலைக்குள்ள விட்டுத் தாரும். உம்மிலை பிழை இல்லைத் தங்கச்சி. காணி போயிடுமெண்டு என்ரை பிள்ளையள் சண்டை பிடிக்குதுகள்."

அவருடைய பிள்ளைகள் இந்த வீட்டைக் கண்ணால் கண்டதில்லை.

"ஆர் அண்ணை வந்து இருக்கப்போகினம்?"

"ஒருத்தருமில்லை. பூட்டி வைப்பம்."

ஜூன் 30

பட்டியலில் என் பெயரை வெட்டிவிட்டார்கள்.

ஜூலை 25

யாழ்ப்பாணத்தில், கொட்டடியில் ஓர் அறை பார்த்தாயிற்று. சமைக்கிற குசினி பொது. முன்பள்ளிக்கு நான் பஸ்ஸில் வந்து போவேன்; பிள்ளைகளுக்கு அது ஏலாது. அவர்களுக்குப் பள்ளிக்கூட விடுகைப் பத்திரம் எடுக்கப் போனேன். அதிபர் கையெழுத்து வைக்காமல் பேனையைப் பிடித்துக்கொண்டிருந்தார். இவர்கள் போனால் பள்ளிக்கூடத்தில் மிச்சம் ஏழு பேர்.

"நீங்களும் போனால் நான் ஆருக்குப் படிப்பிக்கிறது?"

எனக்கு ஆத்திரம்தான் வந்தது. ஊரைத் தாங்க என் பிள்ளைகள் வேண்டும். அவர்கள் இருக்க ஒரு மூலை கொடுக்க ஊருக்கு ஏலாது. கையெழுத்து வைத்த கடதாசியை வாங்கிக்கொண்டு வந்தேன்.

ஆகஸ்ட் 3

கனடாவிலிருந்து அண்ணை போன் எடுத்தார். வீடு இருண்டு கிடப்பதை நினைத்தால் நித்திரை வருவதில்லையாம். "வெள்ளிக்கிழமையில கூட்டி, விளக்கு வைச்சிட்டுப் போவீரே? பஸ்காசோட ஏதும் தருவன்."

ஓம் என்றேன். போனை வைத்தபிறகு என்மேலேயே அருவருப்பாக இருந்தது. ஆனால் வாடகை கட்ட வேண்டும்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

நான்கு அறையும் கூட்டினேன். சாமியறையில் விளக்கு வைத்துப் படமெடுத்து அனுப்பினேன். உடனே பதில் வந்தது: "இப்பத்தான் வீட்டில ஆக்கள் இருக்கிறமாதிரி இருக்கு, தங்கச்சி."

பூட்டிக்கொண்டு வெளியே வந்தேன். கடைசி பஸ் ஆறரைக்கு.