சிம்பல் விளிம்பைப் பிடிப்பது

செவ்வாய்
காலையிலிருந்து தூறல். என் வேலை முடிந்தது: சேர்ச் கூட்டியாயிற்று, உட்காரும் வாங்குகள் துடைத்தாயிற்று. பாடகர் குழுவுக்கு எலக்ட்ரிக் டிரம் வாசித்த அண்ணன் ஒருவர் கட்டாருக்கு வேலைக்குப் போனதிலிருந்து அது சும்மா கிடக்கிறது. ஹெட்போன் போட்டு நான் வாசித்துக்கொண்டிருந்ததை, பாடகர் குழுவை நடத்தும் ஜெயம் மாமி கண்டுவிட்டார்.
"ஞாயிறு ஆராதனைக்கு வாசிப்பியா புள்ள? சனிக்கிழமை பார்த்துத்தான் முடிவு சொல்லுவன்."
தலையாட்டினேன். ஆசைதான்.

வியாழன்
குழுவோடு முதல் பயிற்சி. எல்லாரும் ஏ.எல்., பன்னிரண்டாம் பதின்மூன்றாம் வகுப்பு படிக்கிறவர்கள். நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவள்.
சிம்பல் பேட்டில், அந்த ரப்பர் தட்டில், குச்சி நுனியால் மேலே தட்டினால் வெறும் 'டிக்'. கீபோட் வாசிக்கும் ரூபன்: "என்னகா, சட்டியா கழுவுறாய்?" சிரிப்பு.
குச்சியின் கழுத்தால் விளிம்பில், கொஞ்சம் சரித்து அடித்தேன். 'ஜ்ஷ்ஷ்!' நல்ல சத்தம்.
அந்த நேரம் பார்த்துப் பள்ளிவாசலில் தொழுகைக்கான பாங்கு. வழக்கம்போல் எல்லாரும் சட்டென்று நிறுத்தினார்கள். என் சிம்பல் மட்டும் ஸ்பீக்கரில் இழுத்துக்கொண்டே. மேலே கை வைத்து அமத்தினேன். ம்ஹூம். மாமி எட்டி விளிம்பைக் கிள்ளிப் பிடித்தார். அடங்கியது. பாங்கு முடியும்வரை தலை நிமிரவில்லை.

வெள்ளி
தனியே பயிற்சி. வலது கையால் அடி, உடனே இடது கையால் விளிம்பைப் பிடி. சத்தம் நிற்கவேயில்லை. பிறகுதான் தெரிந்தது: விளிம்பில் ஒரு பக்கம் பிடித்தால்தான் அடங்கும்; காலையில் துடைக்கும்போது பேட்டைச் சுற்றிவிட்டிருக்கிறேன், அந்தப் பக்கம் சுவரைப் பார்த்து நின்றது. திருப்பி வைத்தேன். பிடித்ததும் கத்தரித்தது போல் நின்றது!
மீன் வாங்க மறந்து அம்மாவிடம் ஏச்சு. பரவாயில்லை.

சனி
பாட்டு நடுவில் ஓங்கி அடித்துப் பிடித்தேன். குழு முழுக்க வாய் மூடியது. ரூபன் கீபோடிலிருந்து கையை எடுத்தான். எல்லாரும் யன்னல் பக்கம் காது கொடுத்தபடி. வெளியே காகம் மட்டும்.
"பாங்கு சொல்லல்லையே?" என்றான் ரூபன்.
"அப்ப ஏன்டா நிப்பாட்டின நீ?"
"நீங்க நிப்பாட்டினீங்க மாமி!"
"நான்தான்... சிம்பலப் பிடிச்சன்," என்றேன்.
மாமிக்குச் சிரிப்பில் கண்ணீரே வந்துவிட்டது. "நல்லாத்தான் இருக்கு. நாளைக்கும் அந்த இடத்தில பிடி. நாங்களும் நிக்கிறம். நீ மறுபடி அடிச்சாப் பிறகு தொடங்குறம்."
"அப்ப நாளைக்கு நானா?"
"வேற ஆருகா?"

ஞாயிறு
வெயில். பாட்டு நடுவில் அந்த இடம். அடித்தேன், பிடித்தேன். சேர்ச் முழுக்க அமைதி. ரூபன், மாமி, முன் வாங்கில் அம்மா, எல்லாரும் அடுத்த அடிக்காக என் குச்சியைப் பார்த்தபடி. நான் அவசரப்படவில்லை.