மாடியில் ஆள் இல்லை

பிப்ரவரி 4

தாராவி. இசக்கிசெல்வி குடியிருக்கும் மாடியறையின் தகரக் கூரையில் தட்டு அகலத்துக்கு ஓட்டை. மாஹிம் கிடங்கிலிருந்து செம்பூருக்கு மருந்து கொண்டுபோகும் ட்ரோன் நேற்று விழுந்த இடம். கீழே தையல் மிஷின் நொறுங்கிக் கிடக்கிறது. அதை ஒட்டித் தொட்டில்.

“பிள்ளையத் தூக்கிட்டுத் தண்ணி பிடிக்கப் போனேன் அண்ணாச்சி. இல்லன்னா நீங்க வேற செய்திக்குல்லா வந்திருப்பீய?”

அதை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டேன்.

“தகரத்தை மாத்திக்கிடுவேன். மேல பறக்கக் கூடாது. அவ்ளோதான்.”

பிப்ரவரி 6

ட்ரோன் கம்பெனியில் வழித்தடம் திட்டமிடும் நிகிலைப் பார்த்தேன். மாட்டுங்காப் பையன், மரியாதை தெரிந்தவன்.

“ரூட்டை நாங்க போடறதில்லை அங்கிள். தூரமும் கம்மி, கீழ ஆளும் கம்மின்னா அந்த வழியை சாஃப்ட்வேரே எடுத்துக்கும்.”

“தாராவியில ஆள் கம்மியா?”

“ரிக்கார்ட்ல கிரவுண்ட் ஃப்ளோர் மட்டும்தான் இருக்கு. மாடில இருக்கறவா கணக்குல வரமாட்டா.”

சொல்லிவிட்டுக் காபி வரவழைத்தான். குடிக்கவில்லை. மாடி சட்டவிரோதமாம். சரி, தொட்டிலில் கிடப்பது? ஆளையே இல்லையென்று எழுதிவிட்டு, அதற்குச் சிக்கனமான வழி என்று பெயர். என்ன திமிர்!

பிப்ரவரி 11

கட்டுரை வந்தது. ஆசிரியர் ஒரு வரிகூட வெட்டவில்லை.

பிப்ரவரி 19

மாடிகளையும் கணக்கில் சேர்த்தார்கள். வழி மாறிவிட்டது. இப்போது மாட்டுங்காவில் கிங்ஸ் சர்க்கிள் பக்கம், எங்கள் கட்டடத்துக்கு மேலேயே போகிறது.

இசக்கிசெல்வி போனில் சிரித்தாள்: “இனி உங்க தலைக்கு மேலயா? பாத்து இருங்க அண்ணாச்சி.”

மார்ச் 2

எங்கள் கட்டடத்துச் சொசைட்டிக் கூட்டம். ட்ரோன் வேண்டாம் என்ற மனுவைச் செகரெட்டரி பஞ்சு வாசித்தார். ஓட்டை, மிஷின், தொட்டில் — அத்தனையும் என் வாக்கியங்கள்.

“சார் எழுதினதையே போட்டுட்டேன். இதைவிட யாரால எழுத முடியும்?”

கைதட்டினார்கள்.

“அப்போ எந்த வழியா போகணும்?” என்றேன்.

“முன்ன போயிண்டிருந்த வழியாவே போகட்டுமே. அங்கேர்ந்து இப்போ ஒரு கம்ப்ளெயின்ட்டும் இல்லையே சார்.”

“அந்தத் தொட்டில் அங்கேதான்யா இருக்கு!” — கத்திவிட்டேன். கையெழுத்துப் போடவில்லை. என் கையெழுத்து இல்லாமலே பெரும்பான்மை இருக்கிறதாம்.

மார்ச் 16

நிகிலின் மெசேஜ்: “மாட்டுங்கா மேல பறக்கக் கூடாதுன்னு நோ-ஃப்ளை போட்டாச்சு அங்கிள். மிச்சம் பழைய ரூட்தான்.”

மார்ச் 17

இங்கே வானம் அமைதி. இசக்கிசெல்வி கூப்பிட்டாள். போனைக் கூரைப் பக்கம் தூக்கிப் பிடித்தாள் போலிருக்கிறது. பிறகு,

“கேக்கா அண்ணாச்சி?”

கேட்டது.