ஃபியூஸுக்குப் பதில் செம்புக் கம்பி

என் ஒரே தம்பியும் என் தீராத வயிற்றெரிச்சலுமான மோகனுக்கு,

எப்படி இருக்கிறாய் என்று கேட்க வாய் வருகிறது. கேட்கமாட்டேன். நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. ஞாயிற்றுக்கிழமை உன் காரைத் திறந்து பார்த்ததிலிருந்து எனக்கு அழுகை நின்றுவிட்டது. பல்லைத்தான் கடித்துக்கொண்டிருக்கிறேன்.

பட்டாபிராம் ஸ்டேஷன் பக்கம் உன் கூட்டாளிகள் உனக்கு நினைவஞ்சலி பேனர் வைத்திருக்கிறார்கள். கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு சிரிக்கிறாய். 'சவுண்டு மன்னன்' என்று பட்டம் வேறு. காருக்கு ஸ்பீக்கரும் ஆம்ப்ளிஃபயரும் மாட்டிக்கொடுத்தவனுக்கு மன்னன் பட்டம்! வேலைக்கு ரயில் பிடிக்கப் போகும்போதெல்லாம் அந்த மூஞ்சியைப் பார்த்துத் தொலைக்க வேண்டியிருக்கிறது.

வீட்டுச் சேதி சொல்கிறேன், கேள். உன் பெண்டாட்டி கோமதி கார் ஓட்டக் கற்றுக்கொண்டுவிட்டாள். பூந்தமல்லியில் ஒரு துணிக்கடையில் வேலை கிடைத்திருக்கிறது. திங்கட்கிழமையிலிருந்து உன் காரில்தான் போகப்போகிறேன், போகிற வழியில் யாழினியைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிடுவேன் என்றாள். உன் மகள் உட்காரப்போவது பின்சீட்டில். அந்த சீட்டுக்குப் பின்னால் டிக்கியில்தான் நீ கெப்பாசிட்டரை மாட்டி வைத்திருக்கிறாய். பாட்டு 'டம் டம்' என்று அதிரும்போது ஆம்ப்ளிஃபயர் கேட்கிற கரண்டைச் சேர்த்துவைத்துக் கொடுக்கிற சாமான். அதற்காக பேட்டரியிலிருந்து விரல் கனத்துக்கு ஒரு சிவப்பு ஒயர், வண்டியின் நீளத்துக்கு ஓடுகிறது.

அம்பத்தூர் எஸ்டேட்டில் பேனல் போர்டுக்கு ஒயர் கட்டிச் சோறு தின்கிறவள் நான். அந்த ஒயரைப் பார்க்காமல் பிள்ளையை ஏற்ற விடுவேனா? கோமதிதான் சாவியைக் கொடுக்கமாட்டேன் என்றாள்.

"அவரு கைப்பட்ட வேல அண்ணி அது. அப்டியே இர்க்கட்டும். ஒண்ணும் ஆவாது."

உன் பேச்சு அப்படியே அவள் வாய்க்குப் போயிருக்கிறது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த அன்று நீயும் இதையே சொன்னாய். "கேஸுக்கா இது. ஒரு சோடா அட்ச்சா சரியாப் பூடும். ஒண்ணும் ஆவாது." சோடா குடித்தாய். ஏப்பம் விட்டாய். கையை வீசிக்கொண்டு கடைக்குப் போனாய். திரும்பி வந்தாயா?

"அவன் என்கிட்ட சொன்ன கடைசி வார்த்த அது. இன்னொரு வாட்டி என் காதுல உழக்கூடாது" என்று கத்தினேன். கோமதி சாவியைக் கட்டிலில் போட்டுவிட்டு எழுந்துபோனாள்.

உன்னோடு சேர்ந்து மாட்டியவன் என்று சீனுவையும் வரச்சொன்னேன். நான் பேட்டரியின் மைனஸ் ஒயரைக் கழற்றியதுதான் தாமதம், அவன் ஸ்பேனரோடு போய் கெப்பாசிட்டரில் கை வைக்கப் பார்த்தான். கையைத் தட்டிவிட்டேன்.

"இன்னாக்கா, பேட்டரியத்தான் கழ்ட்டியாச்சே?"

"அந்த நம்பரப் பாருடா மொதல்ல."

கெப்பாசிட்டரின் தலையில், உள்ளே எத்தனை வோல்ட் இருக்கிறது என்று காட்டும் நீல நம்பர் எரிந்துகொண்டிருந்தது. பேட்டரியைக் கழற்றினாலும் தான் வாங்கிவைத்ததை அது விடாது. ஸ்பேனர் இரண்டு முனையையும் ஒன்றாகத் தொட்டால் பொறி பறக்கும். மோதிரம் தொட்டால் விரல் வெந்துபோகும். இவன் கையில் மோதிரம் வேறு. இண்டிகேட்டர் பல்பு ஒன்றில் இரண்டு ஒயர் கட்டி முனைகளில் வைத்தேன். பல்பு பளிச்சென்று எரிந்து, மெல்ல மங்கி, அணைந்தது. நீல நம்பரும் போயிற்று.

கோமதி எப்போது வந்து நின்றாளோ, துப்பட்டாவை வாயில் வைத்து அழுதாள். "அவரு வச்சிட்டுப் போனது அண்ணி அது." முந்தாநாள் சீனு வண்டியை ஓடவிட்டபோது ஏறிய சார்ஜ் என்று சொல்ல வாயெடுத்தேன். அழுது முடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அப்புறம் முன்பக்கம் வந்தேன். பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்தில் ஃபியூஸ் டப்பா. நான் வாங்கித் தந்தது. "உன் ஃபியூஸ் போட்டாச்சுக்கா, இப்போ நிம்மதியா?" என்று போட்டோ அனுப்பினாயே, அதே டப்பா. மூடியைக் கழற்றினேன். உள்ளே ஃபியூஸ் இல்லை. முறுக்கிவிட்ட செம்புக் கம்பி.

சீனு தலையைச் சொறிந்தான். "மாட்னப்புறம் ரெண்டு வாட்டி ஃபியூஸ் பூட்ச்சுக்கா. டுபாக்கூர் ஃபியூஸ் மச்சான், கம்பியப் போடுன்னான்."

ஏன் போகிறது என்று பார்த்தாயாடா? நான் பார்த்தேன். இன்ஜினுக்கும் உள்பக்கத்துக்கும் நடுவிலிருக்கிற தகட்டில் ஓட்டை போட்டு ஒயரை நுழைத்திருக்கிறாய். ஓட்டைக்கு ஒரு ரப்பர் வளையம் போடத் துப்பில்லை. தகட்டின் விளிம்பு ஒயரின் தோலை அறுத்து உள்ளே செம்பு தெரிகிறது. வண்டி குலுங்கும்போது அது தகட்டில் பட்டு, ஃபியூஸ் போயிருக்கிறது. கூப்பிட்டுச் சொன்ன ஃபியூஸின் வாயில் கம்பியை வைத்து அடைத்தாய். இனி ஒருமுறை பட்டால் ஒயரே எரியும், உன் மகள் உட்காரும் சீட்டுக்கடியில்.

படுபாவி என்று தெருவே கேட்கத் திட்டினேன். செத்தவனைத் திட்டக்கூடாது என்கிறான் சீனு. உயிரோடிருக்கும்போது சிரித்தே மழுப்பினாய், வேறு எப்போது திட்டுவது?

ஒயரை உருவிப் புதுசு போட்டேன். ஓட்டைக்கு ரப்பர் வளையம், ஒயரின் கனத்துக்கேற்ற ஃபியூஸ். "அத மட்டும் எட்துடாதீங்க அண்ணி" என்று கோமதி கெஞ்சியதால் கெப்பாசிட்டரை விட்டுவைத்தேன். நீ நேரே இணைத்துப் பொறி பறக்கவிட்டு, "பவர் பாத்தியா?" என்று கஸ்டமரிடம் பீற்றிக்கொள்வாய். நான் ப்ளஸ் மைனஸ் பார்த்து, அதே பல்பு வழியாகக் கரண்ட் விட்டேன். முதலில் எரிந்தது, கெப்பாசிட்டர் நிறைய நிறைய மங்கியது. பல்பு அணைந்த பிறகு ஒயரை முடுக்கினேன். ஒரு பொறி இல்லை.

நெமிலிச்சேரி வரை கோமதி ஓட்டினாள். பின்சீட்டிலிருந்து யாழினி, "அத்த, சவுண்டு வையி!" என்று ஒரே கத்தல். வைத்தேன். பள்ளம் மேடெல்லாம் ஏறி இறங்கியும் ஃபியூஸ் நின்றது. உண்மையைச் சொல்கிறேன், சவுண்டு நன்றாகத்தான் இருந்தது. அதற்கும் எனக்கு ஆத்திரமாக வந்தது. இவ்வளவு தெரிந்தவனுக்கு இது தெரியாதா?

அந்தச் செம்புக் கம்பி என் பர்ஸில் இருக்கிறது. இந்த வண்டியில் இனி ஃபியூஸ் போனால், ஏன் போச்சு என்று கண்டுபிடிக்காமல் வண்டி நகராது. இந்த வீட்டில் யார் நெஞ்சைப் பிடித்தாலும் சோடா கிடையாது, ஆஸ்பத்திரிதான். வரமாட்டேன் என்றால் இழுத்துக்கொண்டு போவேன். உன்னை இழுத்துக்கொண்டு போயிருந்தால் இப்போது இந்தத் திட்டையெல்லாம் நேரில் வாங்கிக்கொண்டு, பல்லைக் காட்டிக்கொண்டு நின்றிருப்பாய்.

கோபம் ஆறாத,
உன் அக்கா