நீ ஏறாத ஞாயிறுகள்

மழைக்காலம் முழுக்க மூடிக் கிடந்த கயிற்றுப் பையை இன்று காலை திறந்தேன். லேசாகக் கிரீஸ் வாசனை அடித்தது. கயிற்றில் எண்ணெய்ப் பிசுக்கு படவே கூடாது என்று எங்களுக்குச் சட்டம் போட்டவன் நீ. சோப்புப் போட்டுக் கை கழுவாமல் தொட மாட்டாய். அப்படியும் நீ வண்டி பழுதுபார்த்த கண்ணமங்கலத்து ஒர்க்‌ஷாப் உன் கையை விட்டுப் போகவில்லை.

மாதத்தில் ஒரு ஞாயிறு, நாம் ஏழு பேரும் ஜமுனாமரத்தூர் பஸ் ஏறுவோம். ஊருக்கு வெளியே ஓர் அக்காவின் நிலத்தில் இருந்த பெரிய புளியமரம்தான் நம் மரம். உயரமான கிளையில் கயிற்றை எறிந்து போட்டு, இடுப்பில் பெல்ட்டைக் கட்டி, அதன் கொக்கியைக் கயிற்றில் பூட்டி, கயிற்றைப் பிடித்தே மேலே போய் வருவோம். அவ்வளவுதான் விளையாட்டு. அந்த அக்கா முதல் நாள் நம்மை நம்பவே இல்லை.

"பழம் உலுக்காம, தேன் எடுக்காம, சும்மா ஏறி எறங்கறதுக்கா பஸ்ஸேறி வர்றீங்க?"

கிளம்பும்போது பைகளைத் திறந்து காட்டச் சொன்னார். நீ சிரித்துக்கொண்டே காட்டினாய்.

சந்தேகத்தில் நான் அவரைவிட மோசம்.

எப்போதும் முதலில் ஏறுகிறவன் நீ. திடீரென்று நிறுத்திவிட்டாய். முதுகு வலி என்றாய், அடுத்த மாதம் வயிறு சரியில்லை என்றாய், அதற்கடுத்த மாதம் இன்று போட்டோ எடுக்கிறேன் என்றாய். ஆனால் கயிற்றை மட்டும் முழம் முழமாகத் தடவிப் பார்த்தாய். கண்ணை மூடிக்கொண்டு, நடுவில் நிறுத்தி, மறுபடி பின்னால் போய்த் தடவுவாய். கயிற்றை வாங்கி வந்தவனும் நீதான். அதில் ஏதோ கோளாறு இருக்கிறது, உனக்குத் தெரியும், சொல்ல வெட்கப்படுகிறாய் என்று நான் முடிவு கட்டினேன். என் மனைவியிடமும் சொன்னேன்.

"தெரிஞ்சே உங்கள ஏத்தி வுடுவாரா?" என்றாள்.

அவள் கேட்டது நியாயம்தான். ஆனால் ஏறும்போதெல்லாம் கிளையைப் பார்க்காமல் கீழே உன் முகத்தையே பார்த்தேன்.

நான்காவது மாதம், கட்டிய பெல்ட்டைக் கழற்றிவிட்டு எல்லோர் முன்னாலும் சொன்னேன். "கயிறு சரியில்லன்னு உனக்குத் தெரியும். அதான் நீ ஏறல. எங்கள மட்டும் ஏத்துற."

நீ என் பெல்ட்டை எடுத்துக் கட்டினாய். கொக்கி பூட்ட வராமல் இரண்டு முறை தவறியது. ஓர் ஆள் உயரம் போவதற்குள் வலது கை பிடி விட்டது. கயிறு உன்னைத் தாங்கிக்கொண்டது. எல்லோருமாக உன்னை இறக்கினோம்.

"கயிறு நல்லாத்தான் கீது," என்றாய், மூச்சு வாங்க. "நான் பாத்தது கயித்த இல்லடா. எத்தினி வெரலுக்கு இன்னும் உணர்ச்சி கீதுன்னு பாத்துகினு இருந்தேன். ஒர்க்‌ஷாப்ல நட்டு கையில கீதா, கீழ வுழுந்துட்ச்சான்னே தெரியல."

"ஏன்டா சொல்லல?"

"சொன்னா கூப்புட மாட்டீங்க."

நரம்பு நோய். விரலில் தொடங்கியது ஓராண்டுக்குள் உன்னைப் படுக்கையில் தள்ளியது. நான் வாரா வாரம் உன் வீட்டுக்கு வந்தேன். அந்த ஞாயிற்றுக்குப் பிறகு மரத்தைத் தொட எனக்கு மனம் வரவில்லை. ஆனால் உன்னிடம், ஏறினேன் என்றுதான் சொல்லிவந்தேன். நீ நம்பவில்லை.

"இன்னா பாத்த மேல, சொல்லு."

தடுமாறினேன்.

"பொய். அடுத்த வாட்டி உச்சிக்குப் போய்ட்டு போன் பண்ணு."

போனேன். உச்சிவரை ஏறி, கடைசிக் கிளையில் உட்கார்ந்து உன்னை அழைத்தேன்.

"கீழ நின்னுகினு பேசறியா?" உன் பேச்சு அப்போதே குழறத் தொடங்கியிருந்தது.

"இல்லடா. மேலதான்."

"ஆமா. அந்த மரத்துக்குக் கீழ டவரே கெடைக்காதே."

பிறகு, "கட் பண்ணாத," என்றாய். அதற்குமேல் இருவரும் பேசவில்லை. இலைகளில் காற்று வீசிக்கொண்டிருந்தது. நான் போனைக் காற்றின் பக்கம் நீட்டினேன்.

அடுத்த மாதம் நீ இல்லை.

இப்போது யாராவது ஏறாமல் ஒதுங்கினால், நான் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன். அதைக் கற்றுக்கொண்டேன். ஆனால் சந்தேகம் என்னைவிட்டுப் போய்விடவில்லை. அன்று போனில் நீ, நான் பழி சொன்னதை மன்னித்துத்தான் பேசாமல் இருந்தாயா, இல்லை வெறும் காற்றைக் கேட்டுக்கொண்டிருந்தாயா? கேட்டிருக்கலாம். அப்போதும் நான் உன்னைக் கேட்கவில்லை.